நாம் காணாத படங்களும் காண மறுத்த படமும்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா ஆண்டில் பழைய திரைப்படங்கள் சிலவற்றை மாலை வேளைகளில் நம் மக்களுக்குத் திரையிட்டுக் காட்டலாம் என்ற கருத்து எழுந்தபோது, பட்டியலில் ‘நந்தனார்’ என்னும் பெயரைக் கண்ட இளைஞர் பலர் முகம் சுளித்தனர். ஆண்டையிடம் கைகட்டி நின்று உத்தரவு கேட்டு, தில்லையில் தீயில் மூழ்கி, மார்பில் பூணூலோடு எழுந்து வந்தவரின் கதை நமக்கு எதற்கு என்பது அவர்கள் வினா. வினா நியாயமானது, அதன் பின்னால் இருந்த சினம் அதனினும் நியாயமானது. எனினும், வினவியவருள் ஒருவரேனும் அப்படத்தைப் பார்த்தவர் அல்லர். பார்க்காமலே வெறுக்கப்படும் படங்கள் உண்டு. பார்க்க விரும்பினும் பார்க்க இயலாதபடி அழிந்துபோன படங்களும் உண்டு. இவ்விரு வகைப் படங்களுக்கும் நம் மக்களின் வரலாற்றுக்கும் உள்ள தொடர்பை எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதப் புகுகின்றோம்.

முதலில் படம் காட்டப்பட்ட இடத்தைப் பற்றிச் சில சொற்கள். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி, 1981ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில், தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கலை கண்ட முதல் இடம் திரையரங்கே என்று கருத்துரைத்தார். பிறந்த குலம் அன்று, கையில் உள்ள காசே இருக்கையை முடிவு செய்தது என்பது அவர் வாதம். கோயிலில் நுழைய முடியாத காலம் அது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் நுழைந்தது 1939 சூலை 8ஆம் நாள்தான். பொதுக் கிணறு, பொதுச் சாலை முதலியவற்றில் நம்மைத் தடுப்பது குற்றம் என்று சென்னை மாகாணத்தில் சட்டம் வந்ததே 1938இல். அத்தகைய காலத்தில் சில காசுகளை நீட்டியவர்க்கெல்லாம் கதவைத் திறந்த ஓர் இடம் இருந்தது என்றால் அதன் பொருளைச் சிறிதாக எண்ணுதல் கூடாது. ஆறுமுகநேரி வட்டாரத்தில் பகலெல்லாம் உப்பளத்தில் நின்று கால் வெடித்த மக்கள், இரவில் டூரிங் டாக்கீஸ் மணலில் கால் நீட்டி அமர்ந்து படம் பார்த்தனர். தரை டிக்கெட்டும் பெஞ்சு டிக்கெட்டும் நாற்காலி டிக்கெட்டும் சாதியை முற்றும் அழித்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தரையில் பெரும்பாலும் யார் இருந்தார், நாற்காலியில் யார் இருந்தார் என்பது நம் பெரியவர்களைக் கேட்டால் தெரியும்.

இனி, வெறுக்கப்படும் படத்திற்கு வருவோம். நந்தனார் கதை ஒன்று அன்று, பல. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடிய திருநாளைப்போவார் ஆதனூரில் வாழ்ந்தவர். ஊரார் தொழிலுக்கு மானியமாக விட்ட ‘பறைத்துடவை’ என்னும் நிலம் அவருக்கு உரிமையாக இருந்தது. கோயில் முரசுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் அவர் கொடுத்தார். திருப்புன்கூரில் நந்தி விலகி வழிவிட்டது. அங்கு அவர் குளமும் தோண்டினார். இந்தக் கதையில் பண்ணை ஆண்டை கிடையாது. உத்தரவு கேட்டு நிற்கும் பண்ணையாள் கிடையாது. தில்லையில் வேள்வித்தீ மட்டும் உண்டு.

ஆண்டையான வேதியரைக் கதைக்குள் கொண்டுவந்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். (தேர்வுத்தாளில் இவரையும் எட்டயபுரத்துப் பாரதியாரையும் ஒருவராக்கி எழுதும் மாணவர் ஆண்டுதோறும் உண்டு, இருவரும் வேறு வேறானவர்.) 1860களின் தொடக்கத்தில் அச்சேறிய அவருடைய ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ பெரியபுராணத்திலிருந்து விலகிச் செல்கிறது என்பதால், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அதற்குச் சிறப்புப்பாயிரம் தர முதலில் தயங்கினார் என்று உ.வே. சாமிநாதையர் எழுதியுள்ளார். பாரதியார் பாடக் கேட்டு மனம் நெகிழ்ந்த பின்னரே தந்தாராம். இலக்கண நோக்கில் பிள்ளையவர்கள் கண்ட குறை, வரலாற்று நோக்கில் நமக்கு ஒரு பேறாகும். ஏனெனில் பாரதியார் தம் கண்முன் இருந்த தஞ்சைத் தரணியையே கதைக்குள் வைத்துவிட்டார். சிதம்பரம் போக வேண்டும் என்ற நந்தனிடம், நாற்பது வேலி நிலத்தின் பயிர் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். ஒரு வேலி ஏறக்குறைய 6.6 ஏக்கர் எனக் கொண்டால் நாற்பது வேலி இருநூற்று அறுபது ஏக்கருக்கு மேலாகும். ஒரு மனிதனுக்கு இட்ட வேலை அது! தெய்வம் வந்து ஓரிரவில் முடித்துக் கொடுத்தது என்பது கதை. தெய்வம் வராத பண்ணைகளில் என்ன நடந்திருக்கும் என்பதை மாணவர் கணக்கிட்டுப் பார்க்கலாம். தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952ஆம் ஆண்டில். அதன் பின்னும் 1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழவெண்மணியில் நாற்பத்து நால்வர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர்.

அதே கீர்த்தனையில் மற்றொரு கூறும் உண்டு. சேரியின் பெரிய கிழவனும் மற்றையோரும் வணங்கும் ஊர்த் தெய்வங்கள் இழிந்தவை, சிவன் ஒருவனே உயர்ந்தவன் என்று நந்தன் வாதிடுகிறான். நம் இளைஞர் சினங்கொள்ள வேண்டிய இடம் தீயைவிட இதுவே என்பது நம் கருத்து. தீ ஒருவனை எரித்தது. இவ்வாதமோ சேரி முழுவதையும் அதன் சொந்தக் கண்ணிலேயே தாழ்த்தியது.

இக்கதையை நம்மவர் வாளா கேட்டுக்கொண்டிருக்கவும் இல்லை. ‘தமிழன்’ இதழை 1907 முதல் நடத்திய பண்டித அயோத்திதாசர், நந்தன் பக்தன் அல்லன், பௌத்த மன்னன் என்றும், சூழ்ச்சியால் கொல்லப்பட்டான் என்றும் எழுதினார். சுவாமி சகஜானந்தரோ வேறு வழி கண்டார். நந்தன் தீயில் மறைந்ததாகச் சொல்லப்படும் அதே சிதம்பரத்தில் 1916ஆம் ஆண்டு நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவி, நம் பிள்ளைகளுக்குப் பள்ளியும் விடுதியும் அமைத்தார். ஒருவர் கதையை மாற்றினார். மற்றவர் கதையின் பெயரைக் கொண்டு பள்ளிக்கூடம் கட்டினார். பின்னாளில் இந்திரா பார்த்தசாரதி 1978இல் எழுதிய ‘நந்தன் கதை’ நாடகம், அந்தத் தீயைத் திருவருளாகக் காட்டாமல் சூழ்ச்சியாகவே காட்டியது.

இத்தனை வடிவங்களுக்கு இடையில்தான் திரைப்பட வடிவங்கள் வருகின்றன. மௌனப்படக் காலத்திலேயே நந்தனார் திரைக்கு வந்துவிட்டார். பேசும் படங்களில் பெயர் பெற்றவை இரண்டு. 1935இல் வந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராக நடித்தவர் ஒரு பெண்மணி, கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள். கணவர் கிட்டப்பா 1933இல் மறைந்தபின் நடிப்பைத் துறந்திருந்த அவர், கேட்டால் ஓடிவிடுவார்கள் என்றெண்ணி இலட்ச ரூபாய் கேட்டாராம். படம் எடுத்த வணிகர் ஹசன்தாஸ் அதையும் கொடுத்துவிட்டார். வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் என்னும் பெரும் சங்கீத வித்துவான். இத்தனை இருந்தும் படம் தோற்றது. கல்கி ஆனந்த விகடனில், படத்தில் பனைமரமும் எருமையும் ஆடும் நன்றாக நடித்துள்ளன என்று எள்ளி நகையாடினார். இன்று அப்படத்தின் பிரதி எங்கும் இல்லை. ஆதலின் கல்கி சொன்னது சரியா என்று நாம் தீர்ப்புக் கூற இயலாது. இருப்பது அவருடைய கிண்டல் மட்டுமே.

1942இல் ஜெமினி ஸ்டுடியோ எஸ்.எஸ். வாசன், முருகதாசா இயக்கத்தில் எடுத்த ‘நந்தனார்’ வேறு வகை. ஓதுவார் மரபில் வந்த எம்.எம். தண்டபாணி தேசிகர் நந்தனார். செருகளத்தூர் சாமா வேதியர். அதன் பாடல்கள் தமிழகமெங்கும் ஒலித்தன. இப்படம் அழியவில்லை. நம் இளைஞர் வேண்டா என்று சொன்னது இதனைத்தான்.

நாம் இதனைப் பார்த்துள்ளோம். தேசிகரின் குரல் உள்ளத்தை உருக்குவது. அதை மறுப்பவர்க்குச் செவி இல்லை என்போம். எனினும் இப்படம் காந்தியடிகளின் அரிசன இயக்கக் காலத்துக் குழந்தை. ஒடுக்கப்பட்டவன் பணிவும் தூய்மையும் உடையவனானால் உயர்ந்தோர் உள்ளம் இரங்கும் என்பது அதன் கொள்கை. கூலி பற்றியோ நிலம் பற்றியோ அது வாய் திறவாது. இரங்கவேண்டியவர் மனம் மாறுவதே அதற்குப் பெரிய நிகழ்ச்சி. அக்காலத்துப் படங்கள் பலவற்றிற்கும் இந்த நோய் உண்டு. 1939இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய ‘தியாகபூமி’யில், புயல்மழையில் வீடிழந்த சேரி மக்களுக்குச் சம்பு சாஸ்திரி தம் மாட்டுக் கொட்டகையில் இடந்தருகிறார், அக்கிரகாரம் அவரை விலக்கி வைக்கிறது. விடுதலைப் போராட்டத்தைப் பேசியதற்காக ஆங்கில அரசு தடை செய்த பெருமை அப்படத்திற்கு உண்டு. தடை வரப்போகிறது என்றறிந்ததும் சென்னை கெயிட்டி திரையரங்கில் இலவசமாகத் திரையிட்டனர். கூட்டத்தின்மேல் தடியடி நடந்தது. ஆனால் நனைந்து நின்ற சேரி மக்கள் கதையில் எங்கே போயினர்? சாஸ்திரியாரின் தியாகத்திற்கு அவர்கள் ஒரு காரணம், அவ்வளவே. 1936இல் பம்பாயில் எடுத்த ‘அச்சூத் கன்யா’வில் ரயில்வே கேட் காவலரின் மகள் கஸ்தூரி பிறர் சண்டையைத் தடுக்க ஓடி ரயிலில் அடிபட்டு மாள்கிறாள். அக்காலத் திரைக்கதைகளில் நம் பெண்கள் நல்லவர்களாகவே இருந்தார்கள். உயிரோடு இருப்பதுதான் அரிதாக இருந்தது.

ஈண்டு இளைஞர் ஒன்றை நோக்க வேண்டும். இதுவரை சொன்ன படங்களில் சுந்தராம்பாள் நந்தனாரானார்; தேசிகர் நந்தனாரானார்; தேவிகா ராணி தீண்டப்படாத பெண்ணானார். இவர்கள் எவரும் நம் மக்களிடையே பிறந்தவர் அல்லர். பிறர் நம்மைப்போல் வேடமிட்டு நடிக்கலாம். அது கலை எனப் போற்றப்பட்டது. நம்மில் ஒருவர் பிறரைப்போல் நடித்தால் என்ன நடந்தது? இதற்கு விடை தேடிப் பம்பாய் வரை போக வேண்டுவதில்லை. ஆறுமுகநேரியில் காலையில் பேருந்து ஏறினால் நண்பகலுக்குள் சேரக்கூடிய நாகர்கோவிலில் அவ்விடை பல்லாண்டுகள் பெயரை மறைத்து வாழ்ந்தது.

ஜே.சி. டேனியல் என்பவர் பல் மருத்துவம் படித்தவர். நிலத்தை விற்ற பணத்தைக் கொண்டு திருவனந்தபுரத்துப் பட்டம் பகுதியில் ஸ்டுடியோ அமைத்து, ‘விகதகுமாரன்’ என்னும் மௌனப்படத்தை எடுத்தார். மலையாள நாட்டின் முதல் திரைப்படம் அதுவே. வெளியான ஆண்டு 1928 என்பாரும் 1930 என்பாரும் உளர். நாயர் குலப் பெண் சரோஜினியாக நடிக்க நல்ல குடும்பத்துப் பெண்கள் எவரும் முன்வராத காலம். புல்லறுத்துப் பிழைத்த புலையர் குலத்துப் பெண் ஒருவர் அவ்வேடத்தை ஏற்றார். தமிழும் மலையாளமும் கலந்து ஆடப்பெறும் காக்காரிசி நாடகத்தில் பழகியவர் அவர். பி.கே. ரோசி என்பது திரைக்காக அவருக்கு அமைந்த பெயர்.

கேப்பிடல் திரையரங்கில் படம் தொடங்கிற்று. விழாவைத் தொடங்கிவைக்க வந்த பெரிய வழக்கறிஞர், ரோசி அரங்கினுள் இருந்தால் தாம் வரமாட்டேன் என்றார் என்பது வரலாறு. தாம் நடித்த படத்தைக் காண அவருக்கு இடமில்லை. திரையில் ஒரு புலையர் பெண் நாயர் சீமாட்டியாக நடந்தாள். கதாநாயகன் அவள் கூந்தலில் இருந்த பூவை முத்தமிட்டான். அரங்கில் கூச்சல் எழுந்தது; கல் பறந்தது; திரை கிழிந்தது. பின்னர் அவர் குடிசைக்கும் தீயிட்டனர். ஊரைவிட்டுத் தப்பிய ரோசி ஒரு லாரியில் ஏறி நாகர்கோவில் வந்து சேர்ந்தார். லாரி ஓட்டுநரை மணந்து, இராஜம்மாள் என்னும் பெயரில் தமிழ்ப் பெண்ணாகவே வாழ்ந்து மறைந்தார். தாம் ஒரு நடிகை என்பதை அவர் பேசவே இல்லை. முதல் மலையாளப் படத்தின் கதாநாயகி மீண்டும் ஒருமுறைகூடக் கேமராவின் முன் நிற்கவில்லை.

இத்தனைக்கும் அதே திருவிதாங்கூரில் 1893ஆம் ஆண்டே அய்யன்காளி வில்லுவண்டியேறிப் பொதுச் சாலையில் சென்று உரிமையை நாட்டியிருந்தார். நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு திறக்கப் போராடியிருந்தார். சாலையில் செல்லும் உரிமை வந்தது. திரையில் ஒரு நாயர் பெண்ணாகத் தோன்றும் உரிமை வரவில்லை. கோயில் நுழைவுப் பிரகடனம் 1936 நவம்பரில்தான் வந்தது. சாலையைவிடக் கற்பனை மேலும் கடுமையாகக் காவல் செய்யப்படுகிறது என்பதை இதனால் அறியலாம்.

டேனியலின் கதையும் துயரமே. கையிலிருந்தது அனைத்தும் இழந்து, அகஸ்தீஸ்வரத்தில் வறுமையில் வாழ்ந்து 1975இல் இறந்தார். பத்திரிகையாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் இடைவிடாது எழுதியதன் பயனாகவே கேரள அரசு அவரை ஏற்றது. 1992 முதல் அவர் பெயரால் விருது வழங்கப்பெறுகிறது. படச்சுருள் மட்டும் மிஞ்சவில்லை. வீட்டில் கிடந்த சுருளை அவர் மகன் சிறுவயதில் விளையாட்டாகத் தீயிட்டுக் கொளுத்தினார் என்று கூறப்படுகிறது. ரோசி என்று இன்று காட்டப்படும் புகைப்படம் அவருடையதுதானா என்பதிலும் ஐயப்படுவோர் உண்டு. கூகுள் நிறுவனம் 2023 பிப்ரவரி 10இல் அவருக்குச் சித்திரம் வெளியிட்டு மரியாதை செய்தது, பா. இரஞ்சித்தின் நீலம் அமைப்பினர் அவர் பெயரில் சென்னையில் திரைப்பட விழா நடத்துகின்றனர். ஆனால் அவர் நடந்ததையும் சிரித்ததையும் இனி எவரும் காண்பதற்கில்லை.

விதியின் வேடிக்கை ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. விகதகுமாரனில் நடித்தவரும் டேனியலின் உறவினருமான நாகர்கோவில் சுந்தரராஜ், 1933இல் ‘மார்த்தாண்ட வர்மா’ என்ற மௌனப்படத்தைத் தயாரித்தார். நாவலின் உரிமை பெற்ற பதிப்பகத்தார் வழக்குத் தொடுத்துப் படச்சுருளைக் கைப்பற்றிக்கொண்டனர். தயாரிப்பாளர் நொடிந்துபோனார். ஆனால் பதிப்பகத்தார் வசம் கிடந்ததனாலேயே அது பிழைத்து, 1974இல் புனே ஆவணக் காப்பகத்தின் கைக்கு வந்து, இன்றும் இருக்கின்றது. காட்டப்பட்ட படம் அழிந்தது. பூட்டப்பட்ட படம் வாழ்கிறது.

பழைய படங்கள் ஏன் இவ்வாறு அழிந்தன என்று மாணவர் கேட்பர். அக்காலப் படச்சுருள் நைட்ரேட் கலந்த செல்லுலோஸால் ஆனது. எளிதில் தீப்பற்றும், பற்றினால் தண்ணீருக்குள்ளும் எரியும். வெப்பமும் ஈரமும் மிக்க நம் நாட்டில் சில ஆண்டுகளில் பிசுபிசுத்துப் பொடியாகிவிடும். அதன்மேல் பூசிய மருந்தில் வெள்ளி இருந்ததால், ஓடி முடிந்த படங்களை வெள்ளி எடுப்பதற்காக விற்றுவிட்டனர். படங்களைத் திரட்டிக் காக்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல்தான் தோன்றிற்று. அதற்குள் நம் நாட்டில் எடுத்த ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட மௌனப்படங்களில் முப்பது அளவே எஞ்சியிருந்தன. நடராஜ முதலியாரின் ‘கீசகவதம்’ இல்லை. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’ இல்லை. அவ்வளவு தொலைவு போவானேன்? சென்னைச் சேரி மக்களின் வாழ்வை அவர்கள் மொழியிலேயே காட்டி, 1964ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் மூன்றாவது சிறந்த படமாகத் தேர்ந்த ஜெயகாந்தனின் ‘உன்னைப் போல் ஒருவன்’ படத்தை நம்மில் யார் கண்டோம்? அதனை வாங்கித் திரையிட வணிகர் முன்வரவில்லை.

நம் மாவட்டத்துப் புளியங்குளத்தில் பிறந்த மாரி செல்வராஜ் எடுத்த ‘பரியேறும் பெருமாள்’ 2018இல் வந்தபோது நம் இளைஞர் கூட்டம் கூட்டமாகச் சென்று பார்த்தனர். நாமும் பார்த்தோம், கண் கலங்கினோம். அந்தப் படம் எதனை எதிர்த்து எழுந்தது என்பதை அறிய வேண்டுமானால் 1942இன் நந்தனாரைப் பார்த்தே ஆகவேண்டும். ரோசியைப் பிடிக்காதவர்கள் படத்தை ஓடவிடாமல் திரையைக் கிழித்தார்கள். நமக்குப் பிடிக்காத படத்தை நாம் கடைசிச் சுருள்வரை பார்த்து, எந்த இடத்தில், எதனால் பிடிக்கவில்லை என்று எழுதி வைப்போம். தேசிகர் பாடும்போது தலையசைத்துவிட்டு, பாட்டு முடிந்தவுடன் நாற்பது வேலிக்குக் கூலி எங்கே என்று கேட்கும் மாணவனையே நாம் விரும்புகிறோம்.

அழிந்த படங்களைப் பொறுத்தவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. படச்சுருள் போயினும் பார்த்தவர் நினைவு முழுவதும் போய்விடவில்லை. நம் தெருக்களில் எண்பது வயதைக் கடந்த தாத்தாக்களும் ஆச்சிகளும் இன்னும் இருக்கின்றனர். அளத்து வேலை முடிந்து அவர்கள் எந்தக் கொட்டகைக்கு நடந்தார்கள், டிக்கெட் எத்தனை காசு, எங்கே உட்கார்ந்தார்கள், யாராவது எழுந்து போகச் சொன்னார்களா, படம் வருவதை ஊருக்குப் பறையடித்துச் சொன்னவர் யார், அவருக்கு இலவசமாகப் படம் காட்டினார்களா என்பனவற்றை இளைஞர் கேட்டு எழுதுதல் வேண்டும். இதற்கென நீண்ட நோட்டுப் புத்தகம் ஒன்று சங்க நூலகத்தில் கதவருகே உள்ள மேசைமேல் வைக்கப்பட்டுள்ளது. பெயர், வயது, தெரு, படத்தின் பெயர், நினைவிருக்கும் காட்சி என்று ஐந்து பத்திகள் கோடிட்டு வைத்திருக்கிறோம். படத்தின் பெயர் நினைவில்லை என்றால் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, காட்சியை மட்டும் எழுதினாலும் போதும்.